மரபணு ஆய்வகமும் ஒரு பொது ஏரியே

கம்பைநல்லூரில் உள்ள என் வீட்டுக்கு அண்மையில் முன்னாள் மாணவி ஒருவர் வந்திருந்தார். என்னிடம் பொருளியல் பயின்றவர். இப்போது அரசுப் பள்ளி ஆசிரியை. கையில் ஓர் உறை. அதற்குள் சில பக்கங்கள் கொண்ட மருத்துவ அறிக்கை. அவருடைய தாயார் மார்பகப் புற்றுநோயால் காலமானவர். இப்போது அக்காவுக்கும் நாற்பத்திரண்டு வயதில் அதே நோய். பரம்பரைத் தொடர்பு இருக்கலாம் என்று ஐயுற்ற மருத்துவர், மரபணுப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார். ரத்த மாதிரி வெளி மாநிலம் சென்று, பல வாரங்கள் கழித்து முடிவு வந்திருக்கிறது: "பிஆர்சிஏ-2 மரபணுவில் ஒரு மாற்றம் காணப்படுகிறது, அதன் விளைவு உறுதியாகத் தெரியவில்லை.''

"பணம் கட்டிப் பார்த்த பிறகும் தெரியவில்லை என்றுதானே எழுதியிருக்கிறார்கள் சார்? எனக்கும் வருமா, வராதா? என் மகளுக்கு?'' என்று கேட்டார். "இதற்கு மருத்துவர்தான் விடை சொல்ல வேண்டும்'' என்று கூறி அனுப்பினேன். ஆனால், அந்தத் 'தெரியவில்லை' என்ற சொல் என்னை விடவில்லை. தேடிப் படிக்கப் படிக்க, அது மருத்துவக் கேள்வி மட்டுமன்று, நாற்பது ஆண்டுகளாக நான் வகுப்பறையில் கற்பித்த பொருளியல் கேள்வியும்கூட என்பது புரிந்தது.

மனித உடலின் ஏறத்தாழ எல்லா உயிரணுக்களிலும் டிஎன்ஏ என்னும் நீண்ட இழை உள்ளது. ஏறத்தாழ 300 கோடி எழுத்துகளால் ஆன நூல் என்று அதனைக் கொள்ளலாம். உயிரணு பிரியும்போதெல்லாம் இந்த நூல் படியெடுக்கப்படுகிறது. படியெடுப்பதில் நேரும் சில பிழைகள், உயிரணுவைக் கட்டுப்பாடின்றிப் பெருகச் செய்கின்றன. அதுவே புற்று. இப்பிழைகளில் பெரும்பாலானவை ஒருவரின் வாழ்நாளில் ஏற்படுபவை. புகையிலை, வயது, சில நோய்க்கிருமிகள் எனக் காரணங்கள் பல. மார்பகப் புற்றுநோயாளிகளில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேருக்கு மட்டும் பிழை பிறப்பிலேயே, பெற்றோர் வழியாக வருகிறது. பிஆர்சிஏ மரபணுக்களில் தீங்கான மாற்றத்துடன் பிறக்கும் பெண்களில் பத்தில் ஆறு பேருக்கு மேல் வாழ்நாளில் மார்பகப் புற்றுநோய்க்கு ஆளாகின்றனர்.

அப்படியானால், பிழை கண்டுபிடிக்கப்பட்ட பிறகும் ஏன் 'தெரியவில்லை'? ஒவ்வொரு மாற்றமும் தீங்கானதன்று. 'கதிரவன்' என்பதைக் 'கதிரோன்' என்று எழுதினால் பொருள் மாறாது; 'கதவன்' என்று எழுதினால் பொருளே இல்லை. எந்த மாற்றம் தீங்கானது, எது தீங்கற்றது என்று அறிய, ஏராளமானோரின் மரபணுக்களைப் படித்து ஒப்பிட வேண்டும். நோயுற்ற பலரிடம் காணப்பட்டு, நலமாக இருப்போரிடம் காணப்படாத மாற்றம் ஐயத்துக்குரியது. நலமான முதியவர்கள் பலரிடமும் காணப்படுவது பெரும்பாலும் தீங்கற்றது. உலகில் இதுவரை படிக்கப்பட்ட மரபணுத் தொகுதிகளில் மிகப் பெரும்பான்மை ஐரோப்பிய வழித்தோன்றல்களுடையவை. நம் மக்களிடம் மட்டும் காணப்படும் மாற்றம் ஒன்று வரும்போது, ஒப்பிட்டுப் பார்க்க ஏடே இல்லை. கம்பைநல்லூர்ப் பெண் ஒருவரின் அறிக்கையில் 'தெரியவில்லை' என்று அச்சாவதன் பின்னணி இதுவே.

இந்த ஏட்டை எழுத வேண்டியவர்கள் புற்றுநோய் ஆய்வாளர்கள். அவர்களுக்குத் தேவை மூன்று: நோயாளிகளின் இசைவுடன் பெறப்பட்ட திசு, அதைப் படிக்கும் வரிசையாக்க இயந்திரம், படித்ததைப் பொருள் கொள்ளும் கணினி அறிவு. நம் நாட்டில் இம்மூன்றும் ஓரிடத்தில் இருப்பது அரிது. மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரியில் நோயாளிகள் இருக்கிறார்கள்; இயந்திரம் இல்லை. உயர் தொழில்நுட்ப நிறுவனத்தில் இயந்திரம் இருக்கிறது, நோயாளி இல்லை. இவற்றை இணைக்கும் ஏற்பாடுதான் பொது மரபணு ஆய்வகம். ஒரு நிறுவனம் இயந்திரங்களையும் வல்லுநர்களையும் வைத்திருக்கும். பல நிறுவனங்களின் ஆய்வாளர்கள் மாதிரிகளை அனுப்பி, கட்டணம் செலுத்தி, தரவைப் பெற்றுக்கொள்வார்கள்.

ஏன் ஒவ்வொருவரும் தனித்தனி இயந்திரம் வாங்கக் கூடாது? பொருளியலில் பகுக்க இயலாத மூலதனம் என்றொரு கருத்து உண்டு. எங்கள் பகுதி விவசாயிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இரண்டு ஏக்கர் நெல் விளைவிப்பவர் அறுவடை இயந்திரம் வாங்குவதில்லை. மணிக்கு இவ்வளவு என்று வாடகைக்கு அமர்த்துகிறார். இயந்திரத்தை இரண்டு ஏக்கர் அளவுக்கு வெட்டி வாங்க முடியாது. வரிசையாக்க இயந்திரமும் அப்படியே. ஒருமுறை ஓடவிட்டால், உள்ளே நான்கு மாதிரிகள் இருந்தாலும் நாற்பது இருந்தாலும் வேதிப்பொருள் செலவு ஏறத்தாழ ஒன்றுதான். பேச்சுக்கு, ஓர் ஓட்டத்துக்கு நான்கு லட்சம் ரூபாய் ஆகிறது என்று கொள்வோம். நான்கு மாதிரிகளை மட்டும் வைத்தால் மாதிரிக்கு ஒரு லட்சம். நாற்பதை வைத்தால் பத்தாயிரம். தனி ஆய்வாளர் நாற்பது மாதிரிகள் சேரும்வரை காத்திருந்தால் ஆண்டு ஓடிவிடும். பத்து ஆய்வாளர்கள் சேர்ந்தால் ஒரே வாரத்தில் இயந்திரம் நிறைந்துவிடும்.

1990-இல் தொடங்கி 2003-இல் நிறைவுற்ற மனித மரபணுத் தொகுதித் திட்டத்துக்கு ஆன செலவு சுமார் 270 கோடி டாலர். இன்று ஒருவரின் முழுத் தொகுதியை ஆயிரம் டாலருக்கும் குறைவான செலவில் படிக்க முடிகிறது. ஆனால், இந்த மலிவு இயந்திரம் நிறைந்து ஓடும் இடங்களுக்கே உரியது. அரைகுறையாக ஓடும் இயந்திரத்துக்கு அந்த விலை எட்டாது. எனவே, பகிர்வு என்பது பெருந்தன்மையன்று. அந்தத் தொழில்நுட்பம் மலிவாக இருப்பதற்கான நிபந்தனை.

இதற்கு நம் மண்ணிலேயே முன்னுதாரணங்கள் உண்டு. 1970-களில் மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை, சென்னை, மும்பை ஐஐடி உள்ளிட்ட இடங்களில் வட்டார நவீனக் கருவி மையங்களை அமைத்தது. சிறிய கல்லூரி ஆசிரியரும் தம் மாதிரியை அஞ்சலில் அனுப்பி, குறைந்த கட்டணத்தில் பகுப்பாய்வு முடிவைப் பெற முடிந்தது. மரபணுவியலில் அதே வழியில், பெங்களூரில் 2009-இல் உயிரித் தொழில்நுட்பத் துறையால் தொடங்கப்பட்ட சி-கேம்ப் மையம் வெளி ஆய்வாளர்களுக்கு வரிசையாக்கப் பணி செய்து தருகிறது. மேற்கு வங்கத்தின் கல்யாணியில் உள்ள தேசிய உயிரிமருத்துவ மரபணுவியல் நிறுவனமும் பிற நிறுவனங்களுக்கு இச்சேவையை அளிக்கிறது. பொதுப் பணத்தில் வாங்கிய ஆய்வுக் கருவிகள் எங்கெங்கு உள்ளன என்று பட்டியலிட்டு, எவரும் பயன்படுத்த வழிசெய்யும் 'ஐ-ஸ்டெம்' இணையத்தளம் 2020 ஜனவரியில் தொடங்கப்பட்டது.

கூட்டு முயற்சியின் பயனையும் நாம் கண்டிருக்கிறோம். 2008-இல் உருவான பன்னாட்டுப் புற்றுநோய் மரபணுத் தொகுதிக் கூட்டமைப்பில் இந்தியா எடுத்துக்கொண்ட பணி, ஈறு-கன்னப் பகுதியில் வரும் வாய்ப்புற்று. புகையிலை மெல்லும் நாடு நம்முடையது என்பதால் இத்தேர்வு பொருத்தமானது. கல்யாணி நிறுவனம் வரிசையாக்க வல்லமையையும், மும்பை டாடா நினைவு மையத்தின் ஆய்வுப் பிரிவு நோயாளிகளையும் மருத்துவ அறிவையும் கொண்டுவந்தன. 2013-இல் வெளிவந்த முடிவுகள், இவ்வகைப் புற்றில் அடிக்கடி சேதமுறும் புதிய மரபணுக்கள் சிலவற்றை அடையாளம் காட்டின. எந்த ஒரு நிறுவனமும் தனித்து நின்று இதைச் செய்திருக்க இயலாது.

நமக்கு மிக அருகில் உள்ள சான்று சென்னை ஐஐடி. அறிவியல் தொழில்நுட்பத் துறையின் ஆதரவுடன் அங்கு தேசியப் புற்றுநோய்த் திசு வங்கி இயங்குகிறது. அறுவை சிகிச்சையில் அகற்றப்படும் கட்டியின் சிறு பகுதி, நோயாளியின் இசைவுடன் பெறப்பட்டு, மிகத் தாழ்ந்த வெப்பநிலையில் உறையவைத்துப் பாதுகாக்கப்படுகிறது. 2020-இல் அங்கு தொடங்கிய புற்றுநோய் மரபணுத் திட்டத்தின் பயனாக, 2025 பிப்ரவரியில் 'பாரத் புற்றுநோய் மரபணு வரைபடம்' என்ற தரவுத்தளம் வெளியிடப்பட்டது. மார்பகப் புற்றுநோயாளிகள் 480 பேரின் திசு மாதிரிகளிலிருந்து 960 மரபணு வரிசைகள் அதற்காகப் படிக்கப்பட்டன. உள்நாட்டு, வெளிநாட்டு ஆய்வாளர்கள் இத்தரவைப் பயன்படுத்தலாம்.

இத்தகைய ஆய்வில் ஒருவருக்கு ஒரு வரிசை போதாது. கட்டியின் வரிசையை மட்டும் படித்தால், அதில் காணும் மாற்றம் பிறப்பிலேயே வந்ததா, கட்டியில் புதிதாக ஏற்பட்டதா என்று பிரித்தறிய முடியாது. அதே நோயாளியின் இயல்பான திசுவையும் படித்து ஒப்பிட வேண்டும். முழுத் தொகுதிக்குப் பதிலாகப் புரதங்களை உருவாக்கும் பகுதிகளை மட்டும் படிப்பது செலவைக் குறைக்கும் ஒரு வழி. அப்பகுதிகள் மொத்த நீளத்தில் ஏறத்தாழ இரண்டு விழுக்காட்டுக்குள் அடங்கிவிடுகின்றன.

இது நல்ல தொடக்கம். ஆனால், அளவை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் 2006-இல் தொடங்கிய புற்றுநோய் மரபணு வரைபடத் திட்டம், 33 வகைப் புற்றுகளில் 11,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளை ஆராய்ந்தது. இந்தியாவில் 2022-இல் மட்டும் சுமார் 14 லட்சம் பேர் புதிதாகப் புற்றுநோய்க்கு ஆளாகியிருப்பர் என்பதும், 9 லட்சம் பேர் உயிரிழந்திருப்பர் என்பதும் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமையின் மதிப்பீடு. நலமானவர்களின் மரபணு ஏட்டிலும் இப்போதுதான் எழுதத் தொடங்கியிருக்கிறோம். இருபது நிறுவனங்கள் இணைந்து 10,000 இந்தியர்களின் தொகுதிகளைப் படித்த 'ஜீனோம் இந்தியா' திட்டத்தின் தரவு, 2025 ஜனவரியில் ஆய்வாளர்களுக்குத் திறந்துவிடப்பட்டது. அரூரை அடுத்த சித்தேரி மலை மக்கள் முதல் கடலோர மீனவர்கள் வரை தனித்தனி வரலாறு கொண்ட எத்தனையோ சமூகங்கள் வாழும் நாட்டுக்கு இந்த எண்ணிக்கைகள் முதல் பக்கமே.

"தனியார் ஆய்வகங்கள்தாம் இருக்கின்றனவே?'' என்று கேட்கலாம். இருக்கின்றன, விரைவாகவும் செய்கின்றன. அவற்றைக் குறை கூறுவது என் நோக்கமன்று. ஆனால், ஒரு பாடம் நினைவில் இருக்க வேண்டும். அமெரிக்காவில் மிரியட் என்ற நிறுவனம் பிஆர்சிஏ மரபணுக்களுக்குக் காப்புரிமை பெற்றிருந்தது. இயற்கையில் உள்ள மரபணுவைப் பிரித்தெடுத்ததற்காக மட்டும் காப்புரிமை கோர முடியாது என்று 2013 ஜூனில் அந்நாட்டு உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. காப்புரிமை போயிற்று, ஆனால், பல்லாண்டுகள் பெண்களைப் பரிசோதித்ததால் சேர்ந்த, எந்த மாற்றம் தீங்கானது என்று கூறும் தரவு நிறுவனத்தின் கையிலேயே இருந்தது. பொதுத் தரவுத்தளங்களுக்கு அது வழங்கப்படவில்லை. பரிசோதனை ஒரு சந்தைச் சரக்காக இருக்கலாம். அதன் வழியே சேரும் அறிவு பொதுச் சொத்தாக இல்லாவிட்டால், அடுத்த பெண்ணின் அறிக்கையிலும் 'தெரியவில்லை' என்றே வரும்.

இயந்திரத்தைப் பொதுவில் வாங்கி வைத்துவிட்டால் போதுமா? போதாது. நம் ஏரிகளின் வரலாறு இதற்கு நல்ல பாடம். ஏரி வெட்டியது ஒரு முறை. அதைக் காத்தவை மூன்று ஏற்பாடுகள்: முறை வைத்து நீர் பாய்ச்சும் விதி, அவ்விதிப்படி மடை திறக்கும் நீர்க்கட்டி, ஆண்டுதோறும் கரையைச் சீரமைக்கும் குடிமராமத்து. இம்மூன்றும் தளர்ந்த ஊர்களில் ஏரி தூர்ந்தது. பொதுவளங்களைச் சமூகங்கள் விதிகள் வகுத்துக் காக்க முடியும் என்பதை உலகெங்கும் சென்று ஆராய்ந்து காட்டியவர் எலினோர் ஆஸ்ட்ரோம். 2009-இல் பொருளியலுக்கான நோபல் பரிசை வென்ற அவர், அப்பரிசைப் பெற்ற முதல் பெண். அவர் கண்ட உண்மை ஆய்வகத்துக்கும் பொருந்தும்.

முதலாவது, முறை. வரிசையில் யார் முன்னே, யார் பின்னே என்பது வெளிப்படையாக இருக்க வேண்டும். ஆய்வகம் அமைந்துள்ள நிறுவனத்தின் பேராசிரியரின் மாதிரி முன்னே செல்வதும், தொலைவிலுள்ள அரசுக் கல்லூரியின் மாதிரி உறைபெட்டியிலேயே கிடப்பதும் கூடாது. கட்டணமும் அடுக்குகளாக இருக்க வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரிகளுக்கு வேதிப்பொருள் செலவு மட்டும். பிற கல்வி நிறுவனங்களுக்குப் பராமரிப்பும் சேர்த்து. தனியார் நிறுவனங்களுக்கு முழுச் செலவும் சற்று மேலும். முற்றிலும் இலவசமாக்கினால் தேவையற்ற மாதிரிகள் குவியும். முழுச் செலவையும் கேட்டால் எளியவர்கள் ஒதுங்குவர்.

இரண்டாவது, நீர்க்கட்டி. வரிசையாக்கத்துக்கு மாதிரியைத் தயாரிப்பவர், கருவியை இயக்குபவர், தரவைப் பகுக்கும் உயிரித் தகவலியலாளர் ஆகிய மூவரும் இல்லாமல் இயந்திரம் வெறும் பெட்டி. இவர்களின் பெயர் ஆய்வுக் கட்டுரைகளின் முதல் வரியில் வருவதில்லை. பல இடங்களில் இவர்கள் திட்டக்கால ஒப்பந்த ஊழியர்கள். திட்டம் முடிந்ததும் வேலையும் முடிகிறது. கற்ற திறன் வேறிடம் போய்விடுகிறது. இவர்களுக்கு நிலையான பணியும் பதவி உயர்வுக்கான பாதையும் வேண்டும்.

மூன்றாவது, குடிமராமத்து. நம் நிதிநிலை நடைமுறையில் மூலதனச் செலவுக்கு ஒப்புதல் பெறுவது எளிது. திறப்பு விழாவுக்கு அமைச்சர் வருவார், கல்வெட்டு இருக்கும். ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத்துக்கும், காலாவதியாகும் வேதிப்பொருள்களுக்கும், தடையற்ற மின்சாரத்துக்கும் கல்வெட்டு கிடையாது. அதனால் நிதியும் கிடைப்பதில்லை. கல்லூரியொன்றில் உயர்விலைக் கருவி ஒன்று, உத்தரவாதக் காலம் முடிந்த பின் பழுதாகி, துணி போர்த்தப்பட்டு ஆண்டுக்கணக்கில் நின்றதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். கருவி வாங்கும்போதே குறைந்தது ஐந்தாண்டுப் பராமரிப்புக்கும் சேர்த்து நிதி ஒதுக்காமல் வாங்கக் கூடாது என்பதை விதியாக்க வேண்டும்.

அமெரிக்காவில் 1971-ஆம் ஆண்டின் தேசியப் புற்றுநோய்ச் சட்டத்துக்குப் பின் வளர்ந்த புற்றுநோய் மையங்களுக்கு அளிக்கப்படும் நிதியுதவியில், பொதுப் பயன்பாட்டு ஆய்வகங்களுக்கென்றே ஒரு பங்கு உண்டு. அது தனி ஆய்வாளரின் திட்ட நிதியைச் சார்ந்ததன்று. நாம் கடன் வாங்கத்தக்க நல்ல வழக்கம் இது.

தமிழ்நாட்டுக்கு இது எட்டாக் கனியன்று. கரோனா காலத்தில் தீநுண்மியின் மரபணு வரிசையை அறிய நம் மாநிலம் பெங்களூருக்கு மாதிரிகளை அனுப்பிக் காத்திருந்தது. பின்னர், 2021 செப்டம்பரில் சென்னையில் பொது சுகாதாரத் துறையின் சொந்த வரிசையாக்க ஆய்வகம் சுமார் 4 கோடி ரூபாயில் திறக்கப்பட்டது. தீநுண்மியின் வரிசை சுமார் 30,000 எழுத்துகளே. மனிதக் கட்டியைப் படிப்பது அதனினும் பன்மடங்கு பெரிய பணி. எனினும், அரசு விரும்பினால் இயலும் என்பதற்கு அது சான்று.

புற்றுநோயைப் பொறுத்தவரை நமக்கு நெடிய மரபும் உண்டு. தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-இல் பன்னிரண்டு படுக்கைகளுடன் தொடங்கியது அடையாறு புற்றுநோய் நிறுவனம். அங்கு 1980-களின் தொடக்கம் முதல் சென்னைப் பெருநகருக்கான புற்றுநோய்ப் பதிவேடு பேணப்பட்டு வருகிறது. யாருக்கு, எங்கே, எந்தப் புற்று என்பதை அது சொல்கிறது. இனி அதன் அருகில் 'ஏன்' என்ற பத்தியையும் சேர்க்க வேண்டும்.

ஒவ்வொரு மாவட்டத்திலும் இயந்திரம் தேவையில்லை. மாநிலத்தில் ஒன்றிரண்டு பொது மரபணு ஆய்வகங்கள் போதும். ஆனால், 2008-இல் தொடங்கப்பட்ட தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி போன்ற ஒவ்வொரு கல்லூரியிலும் ஓர் உறைபெட்டியும், நோயாளியின் மொழியில் விளக்கி இசைவு பெறப் பயிற்சி பெற்ற ஒருவரும், குளிர் குன்றாமல் மாதிரியைக் கொண்டு செல்லும் ஏற்பாடும் வேண்டும். சிற்றூர்தோறும் பால் சேகரித்து, குளிரூட்டி, ஒன்றியத்துக்கு அனுப்பும் கூட்டுறவு முறையை அறிந்தவர்கள் நாம். கறப்பது ஊரில், பதப்படுத்துவது ஒன்றியத்தில். திசுவுக்கு மட்டும் இது ஏன் இயலாது?

பாலுக்கும் திசுவுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. திசு, ஒரு மனிதரின் அந்தரங்கம். அவருடைய மரபணு, அவர் பிள்ளைகளைப் பற்றியும் பேசும். எனவே, பெயர் நீக்கிய தரவு, யார் எதற்காகப் பார்க்கிறார்கள் என்ற பதிவு, காப்பீட்டு நிறுவனமோ வேலை தருபவரோ தொட முடியாத பாதுகாப்பு ஆகியவை கட்டாயம். இன்னொரு கடமையும் உண்டு. திசுவைத் தந்த மாவட்டத்துக்கு முடிவு திரும்பி வர வேண்டும். மாதிரி மட்டும் நகரத்துக்குப் போய், ஆய்வுப் பெருமையும் அங்கேயே தங்கிவிட்டால், அது பகிர்வாகாது.

"முதலில் நோயைத் தொடக்கத்திலேயே கண்டறியும் வசதியைச் செய்யுங்கள், மரபணு பிறகு ஆகட்டும்'' என்பது நியாயமான வாதம். கருப்பைவாய், மார்பகம், வாய் ஆகியவற்றின் புற்றை முன்கூட்டியே கண்டறிவதற்கு முதல் ரூபாய் போக வேண்டும் என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்தில்லை. ஆனால், யாரை அடிக்கடி பரிசோதிக்க வேண்டும் என்பதைச் சொல்லப்போவதும் இந்த ஆய்வே. பகிர்ந்து செய்தால், இரண்டாவது பணிக்காக முதல் பணியைப் பட்டினி போட வேண்டியதில்லை.

என் மாணவிக்கு மருத்துவர் பின்னர் விளக்கம் அளித்திருக்கிறார். அறிக்கையில் கண்ட மாற்றம் எதுவாயினும், குடும்ப வரலாற்றின் காரணமாக அவர் முறையான பரிசோதனைகளைத் தொடர வேண்டும். பொருள் தெரியாத மாற்றங்களுள் பின்னாளில் தெளிவு பெறுபவற்றில் பெரும்பாலானவை தீங்கற்றவையாகவே அறியப்படுகின்றன என்பதால், அளவுக்கு மீறி அஞ்சவும் வேண்டாம். ஓராண்டு கழித்து மீண்டும் கேட்டுப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்.

அந்த உறையை அவர் வீட்டுப் பத்திரங்களோடு வைத்திருக்கிறார். அதிலுள்ள 'தெரியவில்லை' என்பதை அழித்து, 'தெரியும்' என்று எழுதப்போவது எந்த ஒரு தனி மருத்துவமனையும் அன்று. இசைவு தந்த ஆயிரக்கணக்கான பெண்களும், அவர்களின் திசுவைப் படித்த ஆய்வாளர்களும், அவர்கள் அனைவருக்கும் பொதுவான ஓர் இயந்திரமும் சேர்ந்து எழுத வேண்டிய விடை அது. அந்த ஏரியை வெட்டும் பொறுப்பு அரசுடையது. அது தூர்ந்துபோகாமல் காக்கும் பொறுப்பு நம் அனைவருடையது.

கட்டுரையாளர்: பொருளியல் பேராசிரியர் (ஓய்வு).